பிரிட்ஜ் விவரம் காணவில்லையா? ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டரில் எங்கே, எப்படித் தேடுவது

பல போர்ட்டுகளையும் வைஃபையையும் ஒரே உள்வீட்டு நெட்வொர்க்காக இணைக்கும் மென்பொருள் பாலம்தான் பிரிட்ஜ். கணினியிலிருந்து கட்டளை தட்ட உதவும் எஸ்எஸ்எச் வழியாக ரவுட்டருக்குள் நுழைந்து, பிரிட்ஜில் எந்தெந்தப் போர்ட் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை தட்டுகிறீர்கள். தலைப்பு வரி மட்டும் வருகிறது, கீழே ஒன்றுமில்லை. அல்லது அப்படியொரு கட்டளையே இல்லை என்கிறது. அல்லது நான்கு லேன் போர்ட் உள்ள பெட்டியில் ஒரே ஒரு பெயர்தான் தெரிகிறது. புதிதாக வருபவர்களில் பலர் இந்த இடத்தில் பின்பக்கத்து ரீசெட் பொத்தானைத் தேடுகிறார்கள். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். இணைய இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை அமைப்பு எல்லாம் போய்விடும். பிரிட்ஜ் ஏன் தெரியவில்லை என்பது மட்டும் கடைசிவரை தெரியாமலே இருக்கும்.

விவரம் காணவில்லை என்றால் அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். பிரிட்ஜ் நன்றாகவே இருக்கிறது, பார்க்கும் கருவிதான் காட்டவில்லை. அல்லது பிரிட்ஜ் உண்மையிலேயே உருவாகவில்லை. அல்லது பிரிட்ஜும் இருக்கிறது, கருவியும் சரி, ஆனால் நீங்கள் தேடும் போர்ட், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் கண்ணுக்கே வராத இடத்தில், சுவிட்ச் சில்லுக்குள், இருக்கிறது. எது என்று தெரிந்த பிறகுதான் அமைப்புக் கோப்பைத் திறக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரை நாமே நிறுத்திவிடுவோம்.

வீட்டு ரவுட்டர்களில் அதிகம் புழங்கும் லினக்ஸ் அமைப்பான ஓப்பன்டபிள்யூஆர்டியை வைத்தே எழுதுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் ஒலிப்பில் தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது எல்லாம் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் வர வேண்டும். பிஆர், சிடிஎல் போன்றவை தனித்தனி எழுத்துகள். ஷோ, லிங்க், நெட்வொர்க் போன்றவை முழுச் சொற்கள். இடையில் வரும் சிறுகோடு, புள்ளி, சாய்கோடு, எண் எல்லாம் உள்ளது உள்ளபடியே.

தொடங்கும் முன்

முடிந்தவரை கேபிள் வழியாக இணையுங்கள். வைஃபையில் இருந்துகொண்டு பிரிட்ஜைத் தொட்டால், ஒரு சிறு தவறில் உங்கள் இணைப்பே அறுந்துவிடும். உள்ளே நுழைந்ததும் அமைப்புக் கோப்பின் நகலை எடுத்து வையுங்கள்.

    சிபி /இடிசி/கான்ஃபிக்/நெட்வொர்க் /ரூட்/நெட்வொர்க்.பழையது

கடைசிச் சொல்லுக்கு உங்களுக்குப் பிடித்த பெயரை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நகலை டிஎம்பி என்ற கோப்பகத்தில் வைக்காதீர்கள். அது ரேமில் இருப்பது. ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழுந்தால் நகலும் காணாமல் போகும். மேலும் ஒரு பிரதி உங்கள் கணினியில் இருப்பது இன்னும் நல்லது.

முதல் படி: கருவியை நம்பாமல் கெர்னலைக் கேளுங்கள்

பிரிட்ஜ் என்பது கெர்னலுக்குள் இருக்கும் ஒரு பொருள். கெர்னல் தன் நெட்வொர்க் விவரங்களைச் சிஸ் என்ற கோப்பகத்தின் கீழ் சாதாரணக் கோப்புகளாகவே காட்டுகிறது. எந்தப் பொதியும் நிறுவ வேண்டாம். எல்எஸ், கேட் இரண்டும் போதும்.

    எல்எஸ் /சிஸ்/கிளாஸ்/நெட்

இயங்கும் ரவுட்டரில் எல்ஓ, இத்0, லேன்1, லேன்2, வேன், பிஆர்-லேன் என்று ஒரு பட்டியல் வரும். இதில் வேன் என்பது இணையம் வரும் போர்ட். பிஆர்-லேன் என்பது ஓப்பன்டபிள்யூஆர்டி தன் உள்வீட்டு பிரிட்ஜுக்கு வைக்கும் பெயர். டிடி-டபிள்யூஆர்டியிலும், நிறுவனங்கள் தாங்களே ஏற்றித் தரும் பல ஃபர்ம்வேர்களிலும் அதற்கு பிஆர்0 என்று பெயர். வலையில் எங்கேயோ படித்த பிஆர்0-ஐ இங்கே தேடி, இல்லையே என்று பதறுபவர்கள் நிறைய.

பட்டியலில் பிஆர்-லேன் இருந்தால் அடுத்தது இது.

    எல்எஸ் /சிஸ்/கிளாஸ்/நெட்/பிஆர்-லேன்/பிஆர்ஐஎஃப்

இந்தக் கோப்பகத்துக்குள் வரும் பெயர்கள்தான் பிரிட்ஜின் உறுப்பினர்கள். கெர்னலே சொல்வதால் இதற்கு மேல் சாட்சி வேண்டாம். லேன்1 முதல் லேன்4 வரை வந்தால் உங்கள் பிரிட்ஜ் முழுசாக இருக்கிறது, நீங்கள் பார்த்த கருவிதான் குறை. கோப்பகம் காலி என்றால் பிரிட்ஜ் வெறும் கூடாக நிற்கிறது. பிஆர்-லேன் என்ற பெயரே இல்லையென்றால் அது உருவாகவேயில்லை. அடுத்து எந்தப் பகுதியைப் படிப்பது என்பது இந்த ஒரு பதிலில் தீர்ந்துவிடும்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். ஒரு குறிப்பிட்ட போர்ட் எந்த பிரிட்ஜைச் சேர்ந்தது என்று அறிய ஐபி லிங்க் என்று தட்டுங்கள். லேன்1-க்கான வரியில் மாஸ்டர் பிஆர்-லேன் என்று இருந்தால் அது உறுப்பினர். மாஸ்டர் என்ற சொல்லே அந்த வரியில் இல்லையென்றால் அந்தப் போர்ட் தனியாக நிற்கிறது.

கருவி காட்டாத சமயங்கள்

பழைய பாடங்கள் எல்லாம் பிஆர்சிடிஎல் ஷோ என்றுதான் சொல்லிக்கொடுக்கும். இன்றும் ஓப்பன்டபிள்யூஆர்டியில் அது வேலை செய்கிறது. ஆனால் முழு லினக்ஸ் கணினியில் இருக்கும் அதே கருவி அல்ல இது. சிறிய நினைவகத்துக்காகச் சுருக்கி எழுதப்பட்ட பிஸிபாக்ஸ் என்ற ஒற்றை நிரலின் ஒரு பகுதி. பிஸிபாக்ஸைத் தொகுக்கும்போது பிஆர்சிடிஎல்-ஐ முழுதாக விட்டுவிடலாம். பிரிட்ஜ் உருவாக்கும் பகுதியை வைத்துக்கொண்டு, காட்டும் பகுதியை மட்டும் விடவும் வழி இருக்கிறது. நிறுவனங்கள் தரும் ஃபர்ம்வேரில் இந்தக் கட்டளை தடுமாறினால் காரணம் இதுவாக இருக்கலாம். பெட்டியில் பழுது என்று நினைக்க வேண்டாம்.

சரியாக வேலை செய்யும்போது திரையில் என்ன வரும் என்று பார்த்துவிடுவோம். முதலில் நான்கு தலைப்புகள்: பிரிட்ஜ் பெயர், பிரிட்ஜ் ஐடி, எஸ்டிபி (நெட்வொர்க்கில் சுற்று உருவாகாமல் தடுக்கும் முறை) இயங்குகிறதா, இன்டர்ஃபேஸ்கள். அடுத்த வரியில் பிஆர்-லேன், 7எஃப்எஃப்எஃப் என்று தொடங்கும் ஓர் ஐடி, நோ, கடைசியில் லேன்1. அதற்குக் கீழே லேன்2, லேன்3, லேன்4 மூன்றும் தனித்தனி வரியில், இடப்பக்கம் வெறுமையாக, வலப்பக்கம் தள்ளி நிற்கும். அந்த வரிகளில் பிஆர்-லேன் என்ற பெயர் மீண்டும் வராது.

இதில்தான் ஒரு பொறி இருக்கிறது. பிஆர்சிடிஎல் ஷோவின் வெளியீட்டை, தேடும் சொல் உள்ள வரிகளை மட்டும் காட்டும் கிரெப் வழியாக அனுப்பி பிஆர்-லேன் என்று தேடினால், அந்தப் பெயர் உள்ள முதல் வரி மட்டும்தான் கிடைக்கும். லேன்1 தெரியும், மற்ற மூன்றும் மாயமாகும். பிரிட்ஜில் ஒரே போர்ட்தான் இருக்கிறது என்று புகார் வரும்போது நான் முதலில் கேட்பது, கிரெப் போட்டீர்களா என்றுதான். கிரெப் இல்லாமல் முழு வெளியீட்டையும் பாருங்கள்.

புதிய முறையில் பிரிட்ஜ் என்ற பெயரிலேயே ஒரு கட்டளை உண்டு. ஐபிரூட்2 தொகுப்பைச் சேர்ந்தது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் அது ஐபி-பிரிட்ஜ் என்ற தனிப் பொதி. அதை நிறுவாமல் பிரிட்ஜ் லிங்க் ஷோ என்று தட்டினால் ஷெல் அப்படி ஒன்று கிடைக்கவில்லை என்றுதான் சொல்லும். பிரிட்ஜ் இல்லை என்பதற்கும் பிரிட்ஜ் என்ற கட்டளை இல்லை என்பதற்கும் வித்தியாசம் பெரிது. செய்தியில் ஆஷ் என்ற ஷெல்லின் பெயர் முன்னால் வந்தால் இல்லாதது கட்டளை. பதிப்பு 24.10 வரை நிறுவுவதற்கு இவை.

    ஓபிகேஜி அப்டேட்
    ஓபிகேஜி இன்ஸ்டால் ஐபி-பிரிட்ஜ்

அதற்குப் பிந்தைய வரிசையில், பொதி நிறுவும் கருவியான ஓபிகேஜி போய் ஏபிகே வந்துவிட்டது. அங்கே ஏபிகே அப்டேட், ஏபிகே ஆட் ஐபி-பிரிட்ஜ் என்று தட்ட வேண்டும். பொதி எதுவும் ஏற்ற முடியாத அளவுக்கு இடம் குறைவான ரவுட்டர் என்றால் விட்டுவிடுங்கள். சிஸ் கோப்பகம் சொல்வதே போதும்.

இன்னொரு நல்ல வழி, ஓப்பன்டபிள்யூஆர்டியிலேயே வரும் டெவ்ஸ்டேட்டஸ் பிஆர்-லேன் என்ற கட்டளை. நெட்வொர்க்கை நிர்வகிக்கும் நெட்இஃப்டி என்ற சேவை தன் கணக்கில் இந்த பிரிட்ஜை எப்படி வைத்திருக்கிறது என்று இது காட்டும். பிரிட்ஜ்-மெம்பர்ஸ் என்ற பட்டியலைப் பாருங்கள். இந்தப் பட்டியலும் பிஆர்ஐஎஃப் கோப்பகமும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால், யாரோ கையால் ஒரு போர்ட்டைச் சேர்த்திருக்கிறார்கள் அல்லது எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிக் கையால் செய்தது அடுத்த ரீலோடிலோ ரீபூட்டிலோ நிற்காது.

நான்கு போர்ட் இருக்க, ஒன்று மட்டும் தெரிவது ஏன்

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் செலவிடுவது நல்லது. மற்ற குழப்பங்களில் பாதி இதிலிருந்து கிளைப்பவை.

வீட்டு ரவுட்டரின் பின்னால் உள்ள மஞ்சள் துளைகள் நேரடியாகச் செயலிக்கு (ப்ராசசருக்கு) போவதில்லை. இடையில் ஒரு சுவிட்ச் சில்லு இருக்கிறது. பழைய முறையில் அந்தச் சில்லை எஸ்டபிள்யூகான்ஃபிக் என்ற தனிக் கருவி ஆளும். கெர்னலுக்குத் தெரிவது சில்லிலிருந்து செயலிக்கு வரும் ஒரே ஒரு இணைப்பு, அதன்மேல் விலேன் (ஒரே இணைப்பைப் பல தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் முறை) எண் போட்டுப் பிரித்த இத்0.1, இத்0.2 என்ற இரண்டு பெயர்கள். மின்வாரிய மீட்டருக்கு வீட்டுக்குள் வரும் ஒயர் தெரியும், எந்த அறையில் எந்த ஃபேன் ஓடுகிறது என்று தெரியாது. அந்த நிலைதான் இது. ஆகவே பிஆர்-லேனில் இத்0.1 மட்டும், வைஃபை இருந்தால் அதுவும் சேர்த்து, இரண்டே பெயர்கள் இருப்பது அங்கே முழுக்கச் சரி. நான்கு போர்ட்டும் அந்த ஒரு பெயருக்குள் அடக்கம். தனித்தனியாகப் பார்க்க இதைத் தட்டுங்கள்.

    எஸ்டபிள்யூகான்ஃபிக் டெவ் சுவிட்ச்0 ஷோ

ஒவ்வொரு போர்ட் எண்ணுக்கும் லிங்க் அப், லிங்க் டவுன், வேகம் எல்லாம் வரும். சில்லில் உள்ள எண் வரிசையும் பெட்டியில் அச்சிட்ட எண் வரிசையும் பல மாடல்களில் தலைகீழாக இருக்கும். கேபிளைக் கழற்றி மாட்டி எந்த எண் மாறுகிறது என்று பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

புதிய முறைக்கு டிஎஸ்ஏ என்று பெயர். இதில் சில்லின் ஒவ்வொரு துளையும் கெர்னலுக்குள் தனி இன்டர்ஃபேஸாகவே வருகிறது: லேன்1, லேன்2, வேன். ஐபி லிங்க் வெளியீட்டில் லேன்1-க்குப் பக்கத்தில் ஓர் அட் குறியும் இத்0 என்ற பெயரும் தெரிந்தால் உங்கள் ரவுட்டர் இந்த வகை. அப்போது எஸ்டபிள்யூகான்ஃபிக் லிஸ்ட் என்று தட்டினால் ஒன்றும் வராது. பழைய பாடத்தைப் படித்துவிட்டு இங்கே வந்து, சுவிட்சே காணோம் என்று தேட வேண்டாம்.

2021 செப்டம்பரில் வந்த 21.02 பதிப்பில்தான் டிஎஸ்ஏ பரவலாக வந்தது. மீடியாடெக் எம்டி7621 சில்லு உள்ள ரவுட்டர்கள் அப்போதே மாறின. குவால்காமின் ஐபிக்யூ40எக்ஸ்எக்ஸ் வகை 2023-இல் வந்த 23.05-இல் மாறியது. ஏடிஎச்79 வகையின் பெரும்பாலான பெட்டிகள் எஸ்டபிள்யூகான்ஃபிக்கிலேயே தொடர்கின்றன. ஒரே பதிப்பில் இரண்டு வகையும் இருப்பதால், பதிப்பு எண்ணை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள்; சிஸ் பட்டியலில் லேன்1 இருக்கிறதா என்று பாருங்கள்.

டிஎஸ்ஏ ரவுட்டரில் இத்0 என்பது சில்லுக்கும் செயலிக்கும் இடையிலான பாதை மட்டுமே. பிரிட்ஜில் ஏதோ குறைகிறது என்று நினைத்து இத்0-ஐ பிஆர்-லேனில் சேர்ப்பவர்கள் உண்டு. சேர்க்கக் கூடாது. சேர்க்க வேண்டியவை லேன்1, லேன்2 என்ற பெயர்கள்தான்.

இங்கேயே இன்னொன்று. லேன்1-இல் இருக்கும் கணினி லேன்2-இல் இருக்கும் கணினிக்குக் கோப்பு அனுப்புகிறது, நீங்கள் பிஆர்-லேன் மேல், கடந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டுகிறீர்கள், ஒரு பாக்கெட்டும் தெரியவில்லை. பிரிட்ஜ் உடைந்துவிட்டதா? இல்லை. அந்தப் போக்குவரத்தைச் சில்லே தனக்குள் முடித்துவிடுகிறது, செயலிவரை கொண்டுவருவதே இல்லை. பழைய எஸ்டபிள்யூகான்ஃபிக் பெட்டிகளிலும் அப்படித்தான். வைஃபைக்கும் லேனுக்கும் இடையிலானதும், இணையத்துக்குப் போவதும்தான் பொதுவாகக் கண்ணில் படும்.

பிரிட்ஜ் உண்மையிலேயே உருவாகவில்லை என்றால்

இப்போதுதான் அமைப்புக் கோப்பு. முதலில் அதைப் படிக்க முடிகிறதா என்று, அமைப்புக் கோப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உதவும் யூசிஐ கருவியால் பாருங்கள்.

    யூசிஐ ஷோ நெட்வொர்க்

பார்ஸ் எரர் என்று தொடங்கி ஒரு வரி எண்ணைச் சொன்னால், அந்த வரியில் மேற்கோள் குறி மூடாமல் இருக்கும் அல்லது ஒரு சொல் தவறாக இருக்கும். ஒற்றைக் குறி விட்டுப்போனாலும் முழுக் கோப்பும் படிக்கப்படாது. பிரிட்ஜ் மட்டுமல்ல, எல்லா இன்டர்ஃபேஸும் சேர்ந்து மறையும். கைபேசியிலிருந்து வெட்டி ஒட்டும்போது நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறிவிடுவது வழக்கமான காரணம்.

கோப்பு படிக்கப்படுகிறது என்றால் அதன் வடிவத்தைப் பாருங்கள். 21.02 முதல் பிரிட்ஜுக்குத் தனியாக ஒரு டிவைஸ் பகுதி வேண்டும். இன்டர்ஃபேஸ் பகுதி அதைப் பெயர் சொல்லிச் சுட்டும்.

    கான்ஃபிக் டிவைஸ்
        ஆப்ஷன் நேம் 'பிஆர்-லேன்'
        ஆப்ஷன் டைப் 'பிரிட்ஜ்'
        லிஸ்ட் போர்ட்ஸ் 'லேன்1'
        லிஸ்ட் போர்ட்ஸ் 'லேன்2'
        லிஸ்ட் போர்ட்ஸ் 'லேன்3'
        லிஸ்ட் போர்ட்ஸ் 'லேன்4'

    கான்ஃபிக் இன்டர்ஃபேஸ் 'லேன்'
        ஆப்ஷன் டிவைஸ் 'பிஆர்-லேன்'
        ஆப்ஷன் புரோட்டோ 'ஸ்டேட்டிக்'
        ஆப்ஷன் ஐபிஅடர் '192.168.1.1'
        ஆப்ஷன் நெட்மாஸ்க் '255.255.255.0'

இரண்டு இடத்திலும் பிஆர்-லேன் என்ற பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் 15 எழுத்துக்குள் அடங்க வேண்டும், அதற்கு மேல் கெர்னல் ஏற்காது. விருந்தினர் வைஃபைக்கு நீளமாகப் பெயர் வைத்து, முன்னால் பிஆர்- என்ற மூன்றும் சேர்ந்து எல்லை தாண்டிவிடுவது உண்டு.

பழைய வடிவத்தில் டிவைஸ் பகுதி கிடையாது. இன்டர்ஃபேஸ் பகுதிக்குள்ளேயே டைப் பிரிட்ஜ் என்றும், ஐஎஃப்நேம் என்ற சொல்லோடு இத்0.1 என்றும் இருக்கும். இணையப் பாடம் எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க இந்த ஐஎஃப்நேம் என்ற சொல்லே போதும். புதிய பதிப்பில் லூசி என்ற வலைப்பக்கத்தின் நெட்வொர்க் பகுதியைத் திறக்கும்போது, பழைய வடிவத்தை மாற்றட்டுமா என்று அதுவே கேட்கும். சம்மதிக்கலாம். ஆனால் அது மாற்றுவது எழுதும் முறையை மட்டும்தான், இத்0.1-ஐ லேன்1, லேன்2 என்று அது பிரித்துத் தராது.

அதனால்தான் எஸ்டபிள்யூகான்ஃபிக்கிலிருந்து டிஎஸ்ஏவுக்கு மாறும் மேம்படுத்தலில், பழைய அமைப்பை வைத்துக்கொள்ள முடியாது என்று, பதிப்பை மேம்படுத்தும் சிஸ்அப்கிரேட் கட்டளை தடுக்கிறது. அந்தத் தடையைக் கட்டாயம் போட்டு மீறினால், ரவுட்டர் எழுந்த பிறகு பிரிட்ஜில் இருக்கும் பெயரும் பெட்டியில் இருக்கும் போர்ட்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நிற்கும். பிரிட்ஜ் இருப்பதாகத் தெரியும், எந்தத் துளையிலும் ஐபி கிடைக்காது. இந்த நிலைக்கு வந்துவிட்டால் பழைய கோப்பை ஒட்டுப்போடுவதைவிடப் புதிதாக உருவாக்குவது நல்லது. நெட்வொர்க் கோப்பை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு ரீபூட் செய்யுங்கள். கோப்பு இல்லை என்று கண்டதும், /இடிசி/போர்டு.ஜேசன் கோப்பில் உள்ள உங்கள் மாடலின் சரியான போர்ட் பட்டியலை வைத்து கான்ஃபிக்_ஜெனரேட் என்ற நிரல் புதிய கோப்பை எழுதும். இணைய இணைப்புக்கான பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பழைய கோப்பில்தான் இருக்கின்றன. அதைப் பார்த்துத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். வைஃபை அமைப்பு வேறு கோப்பு, அது தொடப்படாது.

வடிவம் சரி, பெயரும் சரி, இருந்தும் பிஆர்-லேன் வரவில்லையா? பட்டியலில் உள்ள போர்ட்டுகளில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். உறுப்பினர் ஒருவரும் இல்லாத பிரிட்ஜை நெட்இஃப்டி வழக்கமாக எழுப்பாது. வைஃபைக்காக மட்டும் வைத்திருக்கும் விருந்தினர் பிரிட்ஜ், வைஃபையை அணைத்ததும் காணாமல் போவது இதனால்தான். எப்போதும் இருக்க வேண்டும் என்றால் டிவைஸ் பகுதியில் இந்த வரியைச் சேருங்கள்.

        ஆப்ஷன் பிரிட்ஜ்_எம்ப்டி '1'

மாற்றிய பிறகு சர்வீஸ் நெட்வொர்க் ரீலோட் என்று தட்டி, உடனே, ரவுட்டரின் பதிவுகளைக் காட்டும் லாக்ரீட் வெளியீட்டின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். பிஆர்-லேன், போர்ட் 1, லேன்1, ஃபார்வர்டிங் நிலைக்கு வந்தது என்ற கெர்னல் செய்தி இருந்தால் வேலை முடிந்தது. யூசிஐ செட் வழியாக மாற்றியவர்கள், ரீலோடுக்கு முன் யூசிஐ கமிட் நெட்வொர்க் தட்ட மறக்க வேண்டாம். யூசிஐ சேஞ்சஸ் என்று தட்டினால் இன்னும் எழுதப்படாமல் நிற்கும் மாற்றங்கள் தெரியும்.

வைஃபை மட்டும் பிரிட்ஜில் இல்லை

மேலே உள்ள போர்ட்ஸ் பட்டியலில் வைஃபை பெயரே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே எழுதவும் வேண்டாம். /இடிசி/கான்ஃபிக்/வயர்லெஸ் கோப்பில், அந்தந்த வைஃபை-ஐஃபேஸ் பகுதிக்குள் ஆப்ஷன் நெட்வொர்க் 'லேன்' என்று இருந்தால், வைஃபை எழும்போது தானாக பிரிட்ஜில் சேரும். எழாத வைஃபை பிரிட்ஜில் தெரியாது. டிசேபிள்டு என்ற இடத்தில் 1 இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயரும் மாறியிருக்கிறது. 22.03 வரை டபிள்யூலேன்0, டபிள்யூலேன்1. 23.05 முதல் பிஎச்ஒய்0-ஏபி0 என்ற வகைப் பெயர். பழைய பெயரைத் தேடினால் கிடைக்காது.

5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்களில், ரேடார் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் ரவுட்டர் அலையை வெளியிடும். குறைந்தது 60 விநாடி. சில நாடுகளின் விதிப்படி வானிலை ரேடார் சேனல்களில் பத்து நிமிடம். அதற்குள் அவசரப்பட்டு ரீபூட் செய்தால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

வேறொரு வைஃபையில் வாடிக்கையாளராக இணையும் இன்டர்ஃபேஸை பிரிட்ஜில் சேர்க்க முயன்றால் கெர்னல் மறுக்கும். சாதாரண வைஃபை சட்டகத்தில், பின்னால் இருக்கும் இன்னொரு கணினியின் முகவரிக்கு இடமில்லை. அந்த இடத்தைத் தரும் டபிள்யூடிஎஸ் முறை இரு பக்கமும் இருந்தால் நடக்கும். இல்லையென்றால் ரிலேடி என்ற பொதியைப் பாருங்கள்.

போர்ட் பிரிட்ஜில் இருக்கிறது, ஆனாலும் இணைப்பு இல்லை

இரண்டு கோப்புகள் போதும்.

    கேட் /சிஸ்/கிளாஸ்/நெட்/லேன்1/கேரியர்
    கேட் /சிஸ்/கிளாஸ்/நெட்/லேன்1/பிஆர்போர்ட்/ஸ்டேட்

முதலாவது 0 என்றால் கேபிள் அல்லது எதிர்முனை. படிக்கவே முடியாது என்று பிழை வந்தால் அந்த இன்டர்ஃபேஸ் இன்னும் எழுப்பப்படவில்லை. இரண்டாவதில் 3 வர வேண்டும், அதுதான் ஃபார்வர்டிங். 0 என்றால் செயலற்ற நிலை, 1 கேட்கும் நிலை, 2 கற்கும் நிலை, 4 என்றால் எஸ்டிபி அந்தப் போர்ட்டைத் தடுத்து வைத்திருக்கிறது. 4-ஐப் பார்த்தால் வீட்டில் எங்கோ ஒரு சுற்று இருக்கிறது. ஒரே இரண்டு சுவிட்சுக்கு நடுவே இரண்டு கேபிள் ஓடுகிறதா என்று தேடுங்கள். எஸ்டிபியை அணைப்பது தீர்வு அல்ல. சுற்று அப்படியே இருக்க அதை அணைத்தால், வீட்டு நெட்வொர்க் முழுதும் நிமிடத்தில் திணறிவிடும்.

விலேன் வடிகட்டல் போட்டவர்கள் மட்டும் இதையும் பார்க்கவும். பிஆர்-லேன் கோப்பகத்தின் கீழ் பிரிட்ஜ், அதன் கீழ் விலேன்_ஃபில்டரிங் என்ற கோப்பில் 1 இருந்தால் வடிகட்டல் இயங்குகிறது. அப்போது லேன் இன்டர்ஃபேஸ் சுட்ட வேண்டியது பிஆர்-லேன் அல்ல, பிஆர்-லேன்.1 போல விலேன் எண்ணோடு கூடிய பெயர். இந்த ஒரு வரியை மாற்றாமல் ரீலோட் கொடுத்துவிட்டு ரவுட்டருக்கு வெளியே நிற்பவர்கள் அதிகம்.

வெளியே பூட்டப்பட்டுவிட்டால்

ஃபெயில்சேஃப் முறை இருக்கிறது, பயப்பட வேண்டாம். மின்சாரத்தை எடுத்துப் போடுங்கள். எழும்போது விளக்கு சிமிட்டத் தொடங்கியதும் ரீசெட் பொத்தானை அழுத்துங்கள்; சிமிட்டல் இன்னும் வேகமானால் உள்ளே நுழைந்துவிட்டீர்கள். கணினிக்கு 192.168.1.2 என்று கையால் முகவரி கொடுத்து, 192.168.1.1-க்கு ரூட் பெயரில் எஸ்எஸ்எச் செய்யுங்கள். கடவுச்சொல் கேட்காது. ஒரு போர்ட்டில் பதில் இல்லையென்றால் கேபிளை அடுத்த போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

இந்த முறையில் பிஆர்-லேன் இருக்காது. நெட்இஃப்டியே இங்கே ஓடுவதில்லை என்பதால் அதைத் தேட வேண்டாம். மவுன்ட்_ரூட் என்று தட்டினால் உங்கள் கோப்புகள் திறக்கும். தொடக்கத்தில் எடுத்து வைத்த நகலை நெட்வொர்க் கோப்பின் இடத்தில் திரும்பப் போட்டு, ரீபூட் -எஃப் கொடுங்கள்.

பிஎஸ்டி வகை ரவுட்டர் என்றால்

பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி மேல் ஓடுபவை. அங்கே பிஆர்சிடிஎலும் இல்லை, சிஸ் கோப்பகமும் இல்லை. ஐஎஃப்கான்ஃபிக் பிரிட்ஜ்0 என்று தட்டுங்கள். மெம்பர் என்று தொடங்கும் ஒவ்வொரு வரியும் ஓர் உறுப்பினர். லினக்ஸ் பாடங்களை இங்கே பொருத்திப் பார்ப்பது நேர விரயம்.

உதவி கேட்கப் போகும்போது

இத்தனையும் பார்த்தும் தீரவில்லை என்றால், யாரிடம் கேட்டாலும் இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள்: யூபஸ் கால் சிஸ்டம் போர்டு தரும் மாடலும் பதிப்பும், சிஸ்/கிளாஸ்/நெட் பட்டியல், பிஆர்ஐஎஃப் கோப்பகத்தின் பட்டியல், ஐபி லிங்க் வெளியீடு, நெட்வொர்க் கோப்பு. பிரிட்ஜ் வேலை செய்யவில்லை என்று மட்டும் சொன்னால் பதில் சொல்பவரும் ரீசெட் செய்யுங்கள் என்றுதான் சொல்வார். நெட்வொர்க் கோப்பை அனுப்பும் முன் அதிலுள்ள பிபிபிஓஇ கடவுச்சொல்லையும், வயர்கார்டு விபிஎன் வைத்திருந்தால் அதன் தனிச் சாவியையும் அழித்துவிடுங்கள். இரண்டும் அந்தக் கோப்பில் மறைப்பில்லாமல் அப்படியே எழுதப்பட்டிருக்கும்.